இத்தாலியன் கடைனா, எந்த ஊரு இத்தாலி?

சென்னைல, கோயம்புத்தூர்ல, ஏன் துபாய்ல கூட "ஆம்பூர் பிரியாணி"னு ஒரு போர்டு பாத்தா நம்ம வேலூர் பக்கத்து ஆளுங்க இன்னா பண்ணுவோம்? உள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடியே ஒரு நோட்டம் விடுவோம். அரிசி சீரக சம்பாவா பாஸ்மதியா, தொட்டுக்க கத்திரிக்கா வெச்சிருக்கானா இல்ல ஏதோ சால்னாவ ஊத்தறானா, நெறம் காஞ்ச மிளகா ஊறவெச்சு அரைச்ச நெறமா இல்ல கலர் பொடியா, மெனுல பிரியாணியோட சேத்து ஷவர்மா, நூடுல்ஸ், தந்தூரினு நாப்பது அய்ட்டம் இருக்கா. இதெல்லாம் யாரும் நமக்கு பாடம் நடத்தி சொல்லித்தரல, சின்ன வயசுலேர்ந்து சாப்ட்டு சாப்ட்டு வந்த கண்ணு. இத்தாலிக்கு வெளில ஒரு நல்ல இத்தாலியன் கடை தேடறதுக்கும் இதே கண்ணு போதும்னுதான் நான் நெனைக்கறேன், எதை பாக்கணும்னு மட்டும் தெரிஞ்சா சரி.

எனக்கு இது புரிஞ்சது எங்க மாமாவால. அவரு ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனில முப்பது வருஷம் வேலை பாத்தவரு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுக்கும் இத்தாலிக்கும் இருக்கற தொடர்ப இந்த பக்கத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, மெஷின் அங்கேர்ந்து வரும், கெமிக்கல் வரும், டிசைன் வரும், இங்கேர்ந்து தோலும் ஷூவும் போகும், மிலான்ல நடக்கற லினியாபெல்லே தோல் கண்காட்சிக்கு நம்மாளுங்க வருஷா வருஷம் கெளம்பி போவாங்க. அப்படி கொரோனாக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மெஷின் மாட்டித்தர ஒரு டெக்னீஷியன் வந்தாரு. ஊரு அர்ஸிஞானோ, வடக்கு இத்தாலில வெனெட்டோ பகுதில விச்சென்சா பக்கம், அதுவும் நம்ம ராணிப்பேட்டை மாதிரியே தோல் ஊருதான். மூணு வாரம் இருந்தாரு. மனுஷன் சொந்த ஊரு சாப்பாட்டுக்கு ஏங்கிப்போயிருப்பாரேனு மாமா என்னையும் கூட்டிக்கினு அவர வேலூர்ல ஒரு இத்தாலியன் ரெஸ்டாரண்டுக்கு கூட்டிட்டு போனாரு.

மெனுவ வாங்கி பாத்துக்கினே இருந்தாரு. ஆல்ஃப்ரெடோ பாஸ்தானா இன்னானு எங்ககிட்டயே கேட்டாரு, பிங்க் சாஸ்னா இன்னானு கேட்டாரு. எங்களுக்கு வேற பதில் தெரியல. வந்தத மரியாதையா சாப்ட்டாரு, ஒரு கொறையும் சொல்லல. வெளில வந்தப்புறம் மாமா "உங்க வீட்ல தெனம் இன்னா சமைப்பீங்க"னு கேட்டாரு. அவரு சொன்னது பாஸ்தாவும் இல்ல பீட்சாவும் இல்ல. மக்காச்சோள மாவை கொதிக்கற தண்ணில தூவி கிண்டிக்கினே இருந்து கெட்டியா எறக்குவாங்களாம், போலெண்டானு பேரு. அதுக்கு தொட்டுக்க, காயவெச்ச மீனை ரெண்டு மூணு நாள் தண்ணில ஊறவெச்சு, வெங்காயம், எண்ணெய், பால் எல்லாம் சேத்து சின்ன தீயில மணிக்கணக்கா வேகவிடற பக்கலானு ஒரு கொழம்பு. மாமா என்னை திரும்பி பாத்தாரு. "டேய், களியும் கருவாட்டு கொழம்பும்டா!"

அடுத்த ஞாயித்துக்கெழம மாமா வீட்ல அத்தை கேவுரு களி கிண்டி கருவாட்டு கொழம்பு வெச்சாங்க. மெல்லாம முழுங்கணும்னு அத்தை காட்டிக்குடுத்தாங்க, அவரு மெல்லாம முழுங்கல, மென்னுதான் சாப்ட்டாரு, ஆனா ரெண்டாவது உருண்டைய அவரே கேட்டு வாங்கிக்கினாரு. விச்சென்சா கடலோரம் இல்ல, ஆனாலும் அந்த ஊரோட பேர் போன சாப்பாடு கருவாடு, அதுவும் நார்வே கருவாடு. வெனிஸ் வியாபாரி பியெத்ரோ குவெரினியோட கப்பல் ஒடஞ்சு 1432-ல அவரு நார்வேல ஒரு சின்ன தீவுல போய் ஒதுங்குனாரு, அங்க மீனை உப்பு போடாம குளிர் காத்துல காயவெக்கறத பாத்தாரு, அப்படித்தான் அந்த கருவாடு வெனிஸ் பக்கம் அறிமுகமாச்சுனு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க. இப்ப சொல்லுங்க, இத்தாலியன் ரெஸ்டாரண்டுனு போர்டு போட்ட எந்த கடைல நீங்க போலெண்டாவும் பக்கலாவும் பாத்திருக்கீங்க?

விஷயத்தோட வேர் இங்கதான் இருக்கு. "இத்தாலியன் சாப்பாடு"னு மொத்தமா ஒண்ணு கெடையாது. இத்தாலினு ஒரே நாடா சேந்ததே 1861-லதான், அதுக்கு முன்னாடி தனித்தனி ராஜ்ஜியம், இன்னிக்கும் 20 மாகாணம், ஒவ்வொண்ணுலயும் ஊருக்கு ஊர் அடுப்பு வேற. வடக்குல வெண்ணெய், அரிசி, போலெண்டா, அதுக்கு கொஞ்சம் கீழ எமிலியா பக்கம் முட்டை போட்டு பெசஞ்ச புது பாஸ்தா, தெக்குல ஆலிவ் எண்ணெய், தக்காளி, காஞ்ச பாஸ்தா. நம்மள "சவுத் இண்டியன் சாப்பாடு"னு ஒரே வார்த்தைல அடைக்கறப்போ எப்படி இருக்கும், செட்டிநாடும் ஆம்பூரும் நாஞ்சில் நாடும் ஒண்ணானு கேக்க தோணும்ல, அதேதான். 2025 டிசம்பர்ல டெல்லில நடந்த யுனெஸ்கோ கூட்டத்துல இத்தாலிய சமையல் பாரம்பரிய பட்டியல்ல ஏறுச்சு, அதே கூட்டத்துலதான் நம்ம தீபாவளியும் ஏறுச்சு. தீபாவளிய எப்படி வீட்டுக்கு வீடு வேற மாதிரி கொண்டாடறோமோ அந்த மாதிரிதான் அவங்க சமையலும்.

அப்ப நம்ம ஊர் மெனுல இருக்கறது எங்கேர்ந்து வந்துச்சு? பெரும்பாலும் அமெரிக்கா வழியா. 1880-லேர்ந்து 1920 வரைக்கும் சுமாரா 40 லட்சம் இத்தாலிக்காரங்க அமெரிக்கா போனாங்க, முக்கால்வாசி தெக்கத்தி ஏழைங்க, ஊர்ல கறிய கண்ணால பாக்கறதே அபூர்வம். அங்க போனா கறி சீப்பு, பால் சீப்பு. ஸ்பகெட்டி மேல பெரிய பெரிய கறி உருண்டை வந்துச்சு, க்ரீம் வந்துச்சு, சீஸ் நெறைய வந்துச்சு. ஆல்ஃப்ரெடோவையே எடுத்துக்கோங்க, ரோம்ல ஆல்ஃப்ரெடோ டி லெலியோனு ஒரு ஓட்டல்காரரு வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் மட்டும் போட்டு கெளறி குடுத்த பாஸ்தா அது, கடல் தாண்டி போனப்புறம்தான் அதுல க்ரீம் ஏறுச்சு. பெப்பரோனி இன்னும் வேடிக்கை, இத்தாலில பெப்பெரோனினா குடமிளகா, அமெரிக்காலதான் அது சலாமினு சொல்ற பதப்படுத்துன கறி. இந்தியாவுக்கு பீட்சா பெருசா வந்தது 1996-ல, டோமினோஸ் டெல்லிலயும் பீட்சா ஹட் பெங்களூர்லயும் மொதல் கடை தொறந்தப்போ, ரெண்டுமே அமெரிக்க கம்பெனி. ஆக நாம சாப்ட்டு வளந்தது பேரப்புள்ளைய, பாட்டிய இல்ல. பேரப்புள்ளையும் நல்ல புள்ளதான், ஒயிட் சாஸ் பாஸ்தா புடிக்கும்னா தாராளமா சாப்புடுங்க, ஆனா அதை வெச்சு பாட்டிய எடை போடாதீங்க.

சரி, கடைய எப்படி பாக்கறது. நான் மொதல்ல பாக்கறது மெனுவோட நீளம், அப்புறம் அதுல ஊர் பேர் ஏதாவது இருக்கானு. "எங்க சமையல் ரோம் சமையல்", "சிசிலி சமையல்", "பொலோனியா சமையல்"னு ஒரு கடை வாயத்தொறந்து சொல்லுச்சுனா அந்த ஆளு எங்கயோ நின்னு யார்கிட்டயோ கத்துக்கினு வந்திருக்கான்னு அர்த்தம். இத்தாலியன், மெக்சிகன், சைனீஸ், நார்த் இண்டியன் எல்லாம் ஒரே அட்டைல இருந்தா அந்த கிச்சன்ல எல்லாத்துக்கும் அடிப்படையா ஒரே சாஸ் டப்பாதான் இருக்கும். அதுக்கப்புறம் ஜோடிய பாருங்க. ஸ்பகெட்டி போலோனேஸ்னு எல்லா எடத்துலயும் இருக்கும், ஆனா பொலோனியா ஊர்ல அந்த கறி சாஸை ஸ்பகெட்டிக்கு போடமாட்டாங்க, தல்யத்தெல்லேனு பட்டையா இருக்கற முட்டை பாஸ்தாவுக்குத்தான். அதுல அவங்க எவ்ளோ கறார்னா, 1982-ல அந்த சாஸோட செய்முறைய அந்த ஊர் வணிக சபைல பதிவே பண்ணி வெச்சிட்டாங்க, அதுக்கு பத்து வருஷம் முன்னாடி, 1972-ல, வெந்த தல்யத்தெல்லே 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு அளவுக்காக தங்கத்துல ஒரு பாஸ்தா பட்டை செஞ்சு அங்கயே வெச்சிருக்காங்க. பட்டையான பாஸ்தால கறி ஒட்டும், வழவழ ஸ்பகெட்டில ஒட்டாம தட்டு அடில தங்கிடும், காரணம் அவ்ளோதான்.

கார்பொனாரா இன்னொரு நல்ல அளவுகோல். முட்டை, பெக்கொரினோ சீஸ், குவான்சாலேனு சொல்ற பன்னி கன்னத்து கறி, மிளகு. க்ரீம் கெடையாது, அந்த வழவழப்பு முட்டையும் சீஸும் பாஸ்தா வெந்த தண்ணியும் சேந்து வர்றது. அடுப்ப அணைச்சிட்டு சரியான சூட்டுல கெளறணும், கொஞ்சம் தப்புனா முட்டை பொடிமாஸ் ஆயிடும், அதனாலதான் கைப்பழக்கம் இல்லாத கடைங்க க்ரீம் ஊத்தி தப்பிச்சிக்கறாங்க. ஆனா இதுல ரொம்ப தீவிரவாதியா ஆகவும் வேணாம்னு சொல்லுவேன், ஏன்னா கார்பொனாரா ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் பேர் வெளில வந்த அய்ட்டம், இப்போதைக்கு கெடச்சிருக்கற மொதல் அச்சடிச்ச செய்முறையே 1952-ல சிகாகோல வந்ததுதான்.

காஞ்ச பாஸ்தாவா புதுசா செஞ்சதானு நெறைய பேர் கேக்கறாங்க, புதுசுனா ஒசத்தினு ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு. ரெண்டும் வேற வேற சாமான். இத்தாலில காஞ்ச பாஸ்தாவ டியூரம்னு சொல்ற கெட்டி கோதுமை ரவைலதான் செய்யணும்னு 1967-ல சட்டமே போட்டாங்க. பூண்டு எண்ணெய் பாஸ்தாக்கு, தக்காளி பாஸ்தாக்கு அதுதான் சரி. நீங்க பாக்க வேண்டியது கடிச்சா நடுவுல லேசா எதிர்ப்பு இருக்கானுதான். நம்ம கல்யாண வீட்டு சேமியா பாயசம் ஆறிப்போனா எப்படி கொழகொழனு ஆயிடும், அப்படி இருந்தா முன்கூட்டியே வேகவெச்சு எண்ணெய் தடவி டப்பால போட்டு வெச்சிருக்காங்கனு அர்த்தம். ஆர்டர் குடுத்து நாலு நிமிஷத்துல பாஸ்தா வந்தா சந்தோஷப்படாதீங்க. சாஸ் அளவையும் பாருங்க, சாஸ் பாஸ்தா மேல போத்துனாப்ல இருக்கணும், அடில கொழம்பு மாதிரி நிக்கக்கூடாது.

ரிசோட்டோ பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா நாம அரிசி ஜனங்க, நமக்கு இது சட்டுனு புரியும். ஆம்பூர் பிரியாணில சீரக சம்பாவ தனியா அரை வேக்காட்டுல வேகவெச்சு வடிச்சு, கஞ்சிய வெளியேத்திட்டு, அப்பாலதான் கறியோட சேத்து தம் போடறோம், பருக்கை பருக்கையா நிக்கணும், அதுதான் மாஸ்டருக்கு பேரு. ரிசோட்டோ இதுக்கு நேர் எதிர். அரிசியோட கஞ்சி முழுக்க அந்த சட்டிலயே எறங்கணும், அதுக்காகவே ஆர்போரியோ, கர்னரோலினு கஞ்சி அதிகமா விடற குண்டு அரிசி, அதை கழுவக்கூட மாட்டாங்க, வெண்ணெய்ல வதக்கி, சூடான சாறை கரண்டி கரண்டியா ஊத்தி கெளறி, பதினாறு பதினெட்டு நிமிஷம் ஆளு அடுப்ப விட்டு நகரக்கூடாது. எறக்கறப்போ தட்டை லேசா ஆட்டுனா அலை மாதிரி பரவணும், ஆனா பருக்கை நடுவுல கடி இருக்கணும். வேலூர்ல ஒரு எடத்துல எனக்கு ரிசோட்டோனு வந்தது பொன்னி அரிசில சீஸ் போட்டு கெளறுன சாதம், அஞ்சு நிமிஷத்துல வந்துச்சு, கரண்டி நட்டா நிக்குது. பொன்னி மேல தப்பில்ல, அதோட வேலை அது இல்ல, பாஸ்மதில பண்ணா அது ஆம்பூர் பிரியாணி ஆகாதுனு நாம சொல்ற அதே நியாயம்தான். நல்ல கடைல "ரிசோட்டோக்கு இருவது நிமிஷம் ஆகும், பரவால்லயா சார்"னு அவங்களே கேப்பாங்க. அந்த கேள்வி வந்தா கண்ண மூடிக்கினு ஆர்டர் குடுங்க.

பீட்சாக்கு வந்தா தெக்கு இத்தாலில இருக்கற நேப்பிள்ஸ் ஊர்க்காரங்க 1984-ல ஒரு சங்கமே ஆரம்பிச்சு விதி எழுதி வெச்சிருக்காங்க. மாவுல கோதுமை மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட், வேற எதுவும் இல்ல, எண்ணெய் கூட இல்ல. மணிக்கணக்கா புளிக்கணும். 430-லேர்ந்து 485 டிகிரி வரைக்கும் சூடான வெறகு அடுப்புல 60-லேர்ந்து 90 செகண்டுக்குள்ள வெந்து வெளில வரணும். ஓரம் உப்பி அங்கங்க கரும்புள்ளி இருக்கும், நடு மெத்துனு இருக்கும், மொறுமொறுனு இருக்காது, அதை பாத்து வேகலனு திருப்பி அனுப்பிடாதீங்க. இந்த கைவேலைய 2017-ல யுனெஸ்கோ அங்கீகாரம் பண்ணுச்சு. அந்த சங்கம் உலகம் முழுக்க கடைங்கள பரிசோதிச்சு சான்று குடுக்குது, லிஸ்ட் அவங்க வெப்சைட்ல இருக்கு, வெளியூர் போறப்போ அத பாத்துட்டு போலாம். ஆனா ரோம் பீட்சா மெலிசா மொறுமொறுனு இருக்கும், அது அந்த ஊர் வழி, சிசிலில தடிமனா பஞ்சு மாதிரி இருக்கும், அது அவங்க வழி. நான் புதுசா ஒரு பீட்சா கடைக்கு போனா மரினாராதான் கேப்பேன். கடல் மீன் இருக்கும்னு பேரை வெச்சு பயப்படாதீங்க, தக்காளி, பூண்டு, ஆரெகானோ, எண்ணெய், அவ்ளோதான், சீஸே கெடையாது. மாவு நல்லா புளிக்கலனா, தக்காளி டப்பா மட்டமா இருந்தா ஒளிஞ்சிக்க எடமே இல்ல, சட்னி இல்லாம இட்லிய பிட்டு வாயில போட்டு பாக்கற மாதிரி.

காரம் வேணும்னு நம்ம நாக்கு கேக்கும், அதுல ஒண்ணும் வெக்கமில்ல. சில்லி ஃப்ளேக்ஸ் பாக்கெட்ட கொட்டறதுக்கு பதிலா காரமான ஊரு சமையல கேளுங்க, தெக்கு கோடில கலாப்ரியானு ஒரு மாகாணம் இருக்கு, மிளகா இல்லாம அவங்களுக்கு சோறு எறங்காது, ரோம்ல அராபியாத்தானு மிளகா போட்ட தக்காளி பாஸ்தா இருக்கு.

சைவக்காரங்க தெரிஞ்சிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு, இத நெறைய கடைல சொல்லவே மாட்டாங்க. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவம் இல்ல. ஒரு சக்கரத்துக்கு சுமார் 550 லிட்டர் பால் வேணும், கொறஞ்சது 12 மாசம் பழுக்க வெப்பாங்க, ஆனா பாலை திரிய வெக்கறதுக்கு கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரென்னட் போடறாங்க, அது அந்த சீஸோட விதிலயே இருக்கு. வெஜ்னு எழுதியிருக்கற கடைல "சீஸ் எது, ரென்னட் எது"னு கேளுங்க. வெஜிடேரியன் ரென்னட் போட்ட சீஸ் வெச்சிருக்கோம்னு டக்குனு பதில் வந்தா அந்த கிச்சன் சாமான் தெரிஞ்ச கிச்சன். நம்ம ஆம்பூர், வாணியம்பாடி பாய்மாருங்களும் இதை கேட்டுத்தான் சாப்புடறாங்க, மிலான் போறப்போ அவங்கள்ல பல பேரு தக்காளி பாஸ்தா, மரினாரா, மீன்னு சமாளிச்சிட்டு வர்றவங்கதான்.

நெட்ல ரிவ்யூ பாக்கறப்போ ஸ்டாரை விட போட்டோவ பாருங்க. ஆளுங்க எடுத்த போட்டோ, கடை போட்டது இல்ல. பாஸ்தா போட்டோல சாஸ் கொளமா நிக்குதா, பீட்சா ஓரம் உப்பியிருக்கா, ஒரே சீஸ் மூடாக்கா இருக்கா, இதுலயே பாதி தெரிஞ்சிடும். "சீஸ் செம்மயா நீளுது"னு புகழ்ந்த ரிவ்யூ எனக்கு எச்சரிக்கை மாதிரி, "குவான்டிட்டி கம்மி, சாஸ் கம்மி"னு திட்டுன ரிவ்யூ சில நேரம் நல்ல சேதி.

வேலூர் நெலமைய ஒளிக்காம சொல்லணும்னா, இங்க வெளியூர் ஜனம் நெறைய, சிஎம்சிக்கு வர்றவங்க, விஐடி புள்ளைங்க, அதனால பீட்சா பாஸ்தா கடைக்கு பஞ்சமில்ல, ஆனா நான் மேல சொன்ன மாதிரி ஒரு ஊரு பேரை சொல்லி சமைக்கற கடைய நான் இன்னும் இங்க பாக்கல. அதுக்கு காட்பாடில ரயில் ஏறி சென்னையோ பெங்களூரோ போயாகணும். சாமான் மட்டும் நம்ம பக்கத்துலயே கெடைக்குது. பெங்களூர்ல பெனடிக்ட் சபை சாமியாருங்க வல்லொம்ப்ரோசானு ஒரு பேர்ல மோட்சரெல்லா, புர்ராட்டா சீஸ் எல்லாம் செய்றாங்க, இத்தாலி போய் கத்துக்கினு வந்த கைவேலை. ஆரோவில்லயும் சீஸ் பண்ணை இருக்கு.

எங்க வீட்ல இப்ப வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ செய்றது பார்மிஜானா, அதாவது தெக்கத்தி இத்தாலியோட கத்திரிக்கா அடுக்கு. அதுக்கு நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய விட்டா வேற ஆளே கெடையாதுனு தோணுது, சதை நெறைய, புவிசார் குறியீடு வாங்குன காய். வட்டமா நறுக்கி உப்பு தடவி அரை மணி நேரம் வெச்சு, துடைச்சு, மல்லாட்டை எண்ணெய்லயே பொரிக்கலாம், இத்தாலிலயும் பொரிக்கறதுக்கு அந்த எண்ணெய் ஊத்தறவங்க நெறைய. தக்காளிய பூண்டோட சுண்ட வெச்சு, காய், தக்காளி, சீஸ்னு மாத்தி மாத்தி அடுக்கி ஓவன்ல வெச்சா முடிஞ்சிச்சு. பேசில் எலை கெடைக்கலனு அலைய வேணாம், நம்ம திருநீத்துப்பச்சை அதே எனம்தான், வாசனை கொஞ்சம் சோம்பு பக்கம் சாயும், அவ்ளோதான் வித்தியாசம். நாட்டு மருந்து கடைல பத்து ரூவாக்கு சப்ஜா வெதை வாங்கி தொட்டில தூவிவிடுங்க, அதான் அந்த செடியோட வெதை.